ஓடுகளமும் சர்வகலாசாலையும்

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தேர்வு நெருங்குகின்ற மாதங்களில், பிள்ளையின் காலணி மண்ணும் புல்லுமாக வாசலில் கிடப்பதைக் கண்டுவிட்டால், நம் வீட்டுத் தகப்பனார்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஓடி ஓடி என்னத்தைக் கிழிக்கப் போகிறாய்?" என்பதே அது. தோட்டப்புறத்து மண்டோர் கேட்ட காலத்திலும், பட்டணத்துக் கிராணியார் கேட்ட காலத்திலும், வங்கியில் உயர்ந்த உத்தியோகம் பார்ப்பவர் கேட்கின்ற இந்தக் காலத்திலும் அந்தக் கேள்வியின் சுருதி மாறவில்லை. அதை அசட்டுக் கேள்வி என்று நான் தள்ளிவிட மாட்டேன். பால்மரக் காட்டிலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு குடும்பம் தலைநிமிர்ந்தது என்றால், அதற்குக் கைகொடுத்தது பெரும்பாலும் படிப்பு ஒன்றுதான். அந்தப் படிப்புக்கு எந்தத் திசையிலிருந்து இடையூறு வந்தாலும் பெற்றவர் மனம் பதைப்பது இயற்கை. ஆனால் அந்தக் கேள்விக்குத் தங்கள் வாழ்க்கையையே விடையாகத் தந்த சிலர் நம்மவரிலேயே இருக்கிறார்கள். அவர்களை நாம் பதக்கக் கணக்காக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்த மறுநாள் அவர்கள் எங்கே போனார்கள், என்ன தொழில் செய்தார்கள், யாரிடம் கற்றதை யாருக்குக் கற்பித்தார்கள் என்பதை விசாரிப்பதில்லை. இன்று மாலை அதை விசாரிக்கலாம் என்று உத்தேசம்.

முதலில் நம் நாட்டிலிருந்தே தொடங்குகிறேன். டாக்டர் மணி ஜெகதீசன் 1943-ஆம் ஆண்டில் பிறந்தவர். 16 வயதில், 1960-ஆம் ஆண்டு ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் மலாயாவின் சார்பில் ஓடினார். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அதே ஓட்டத்தின் அரையிறுதியை எட்டினார். 1966-இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் ஓடும் 4x100 மீட்டர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்று ஆசியாவின் அதிவேக மனிதர் என்ற பெயரெடுத்தார். 1968-இல் மெக்சிகோவில் மறுபடியும் அரையிறுதி வரை சென்றார். இவ்வளவும் பழைய பத்திரிகைகளைப் புரட்டினால் யாருக்கும் கிடைக்கும் செய்திகள். நான் உங்கள் கவனத்தை ஈர்க்க விரும்புவது வேறொன்று. ரோமாபுரிக்கும் மெக்சிகோவுக்கும் இடைப்பட்ட அந்த வருஷங்களின் நடுப்பகுதி முழுவதும் இவர் சிங்கப்பூரில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த மாணவர். அதனாலேதான் பத்திரிகைக்காரர்கள் இவருக்குப் 'பறக்கும் டாக்டர்' என்று பட்டம் சூட்டினார்கள்.

அந்த வைத்தியக் கல்விக்கூடம் சாமானியமானதன்று. 1905-ஆம் ஆண்டில் பொதுமக்கள் திரட்டிக் கொடுத்த நிதியால் தொடங்கி, பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் பெயரைத் தாங்கி, 1949-இல் ராபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாகி, 1962-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் என்று தனித்து நின்றது அது. இந்தத் தீவிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் அங்கே சென்று டாக்டராகத் திரும்பினார்கள். வைத்திய மாணவனுடைய நாள் எப்படிப்பட்டது என்பதை வீட்டில் ஒரு வைத்திய மாணவனையோ மாணவியையோ வைத்திருப்பவர்கள் அறிவார்கள். காலையில் நோயாளிகளின் படுக்கையைச் சுற்றி நின்று பேராசிரியரின் கேள்விக்கணைகளுக்குத் தப்பவேண்டும். பகலில் பிரேதத்தை அறுத்து நரம்பையும் தசையையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டவேண்டும். இரவில் அந்தப் பெயர்களையெல்லாம் நெட்டுருப் போடவேண்டும். இதற்கு நடுவே உலகத்தரத்துக்கு ஓடுகின்ற ஒருவன் தன் அப்பியாசத்துக்கு நேரம் எங்கிருந்து பிடித்தான் என்று கேட்டால், நேரம் குறைவாக இருந்ததே அவனுக்கு ஒரு விதத்தில் அனுகூலமாயிற்று என்று நான் நினைக்கிறேன். நாள் முழுதும் கையில் இருக்கிறவன் நாளைத் தேய்க்கிறான். ஒரு மணி நேரமே கையில் இருக்கிறவன் அந்த மணியை வீணாக்குவதில்லை.

200 மீட்டர் ஓட்டம் பார்வைக்கு எளியது. உள்ளே புகுந்து பார்த்தால் சூட்சுமம் மிகுந்தது. முதற்பாதி வளைவிலே ஓடுவது. ஆறு பேரோ எட்டுப் பேரோ ஒரே கோட்டில் நின்று புறப்படுவதில்லை. வெளிப்பாதையில் நிற்பவன் முன்னால் தள்ளியும், உட்பாதையில் நிற்பவன் பின்னால் தள்ளியும் நிறுத்தப்படுகிறார்கள். எல்லாருக்கும் முன்னால் நிறுத்தப்பட்டவன் கண்ணுக்கு எதிரி ஒருவனும் தென்படமாட்டான். அவன் வெறும் சத்தத்தை வைத்துக்கொண்டே ஓடவேண்டும். உட்பாதைக்காரனுக்கோ எல்லாரும் கண்முன் இருப்பார்கள், ஆனால் வளைவு இறுக்கமாக இருப்பதால் உடல் வெளியே தள்ளப்படும். அதைச் சமாளிக்க இடப்புறமாகச் சற்றே சாய்ந்து, வலக்கையை வீசி ஓடவேண்டும். வளைவு முடிந்து நேர்பாதைக்குள் நுழைகின்ற அந்தக் கணத்தில் உடலை நிமிர்த்துவதிலே ஒரு இம்மி பிசகினாலும், அங்கே போன வேகத்தைப் பிறகு மீட்க முடியாது. 1968 அக்டோபரில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்த மெக்சிகோ நகரத்தில், ஜெகதீசன் இந்தத் தூரத்தை 20.92 விநாடியில் கடந்தார். அந்தக் கணக்கு மலேசியாவின் தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது. 2017-இல்தான் கைருல் ஹபிஸ் ஜந்தான் என்ற இளைஞர் 20.90 விநாடியில் ஓடி அதைக் கடந்தார். ஓடுபாதை மாறி, காலணி மாறி, உணவு மாறி, அரசாங்கச் செலவில் பயிற்சி நிலையங்கள் எழும்பிய பின்னும், ஒரு பழைய டாக்டரின் நேரத்திலிருந்து விநாடியின் நூறில் இரண்டு பங்கைக் குறைக்க நமக்கு அரை நூற்றாண்டு பிடித்தது என்பதைப் பற்றி நம் விளையாட்டு நிர்வாகிகள் நிதானமாக யோசிக்கலாம்.

மெக்சிகோவுக்குப் பின் அவர் ஓட்டத்தை நிறுத்தினார். அதன்பின் நடந்ததைத்தான் நான் வெகுவாக மதிக்கிறேன். பாக்டீரியாக் கிருமிகளை ஆராயும் துறையில் இறங்கி, கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றி, அதன் இயக்குநராக உயர்ந்தார். பின்னர் சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர் பதவியை வகித்தார். அந்த ஆராய்ச்சிக் கழகம் நம் மூதாதையருக்கு அந்நியமானதன்று. அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோன மலேரியாவையும் பெரிபெரியையும் ஆராய்ந்த இடங்களில் அதுவும் ஒன்று. குடற்காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் காரணமான சால்மனெல்லாக் கிருமிகள் இந்நாட்டு மனிதர்களிடம் எந்தெந்த வகையாகக் காணப்படுகின்றன என்று ஆண்டுக்கணக்கில் வகைப்படுத்தி அட்டவணையிட்ட ஆய்வுகள் அவருடையவை. கைதட்டல் இல்லாத, கொடி ஏறாத வேலை அது. ஓடுகளத்தில் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கை மதிக்கக் கற்றவருக்கு, கண்ணாடித் தட்டில் கிருமியின் நுட்பமான வேற்றுமையை மதிப்பது கஷ்டமாக இருந்திருக்காது. பிற்காலத்தில் ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கி, ஊக்க மருந்து உண்டு ஓடுகிறவர்களைக் கண்டுபிடிக்கும் காரியத்தையும் மேற்பார்வையிட்டார். களத்தையும் சோதனைச்சாலையையும் உள்ளிருந்தே அறிந்த ஒருவரிடம் அந்தப் பொறுப்பு சேர்ந்தது பொருத்தமே.

பாங்காக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் அவருக்கு அடுத்தபடியாக வெள்ளி பெற்றவரும் தமிழரே. சிங்கப்பூர்க் கனகசபை குணாளன். 1964-இல் தோக்கியோவில் இருவரும் ஒரே மலேசியக் குழுவினர். 1965 ஆகஸ்டில் நாடு இரண்டானது. 1966-இல் அதே இருவரும் இரண்டு கொடிகளின் கீழ் எதிரெதிராக நின்றார்கள். குணாளன் பந்து விளையாடிக்கொண்டிருந்த ஆசிரியர். வயது இருபதைத் தாண்டிய பிறகே ஓட்டத்துக்கு வந்தவர். அவரிடத்தில் ஓட்டக்காரன் ஒருவன் ஒளிந்திருப்பதைக் கண்டு வெளியே கொணர்ந்தவர் டான் எங் யூன் என்ற பயிற்றுநர். அந்த டான் இங்கிலாந்தில் லஃப்பரோ கல்லூரியில் உடற்கல்வி பயின்று வந்தவர். 1968-இல் மெக்சிகோவில் குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார்; சிங்கப்பூரில் அந்தச் சாதனை 33 ஆண்டுகள் நிலைத்து, 2001-இல் யூ. கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடியபோதுதான் விழுந்தது. பிறகு குணாளனும் தம் குருவைப் போலவே லஃப்பரோ சென்று உடற்கல்வி கற்று, தாயகம் திரும்பி, ஆசிரியர்களைத் தயார்செய்யும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக அமர்ந்தார். அந்த லஃப்பரோவுக்கே, இவர்களுக்கெல்லாம் முன்னால், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கமாகிய வெள்ளியைப் பெற்றுத்தந்த டங்கன் ஒயிட் சென்று பயின்றார். பின்னாளில் அவரும் ஆப்பிரிக்காவில் சர்வகலாசாலை ஆசிரியரானார். இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்க் கல்லூரி, இலங்கையையும் சிங்கப்பூரையும் பிணைத்துவிட்டது.

மெக்சிகோவை விட்டு நகருமுன் இன்னும் மூன்று மாணவர்களைக் காட்டிவிடுகிறேன். ஜெகதீசன் அரையிறுதியோடு நின்ற அதே 200 மீட்டரில் 19.83 விநாடியில் ஓடித் தங்கம் பெற்றவர் டாமி ஸ்மித். வெண்கலம் பெற்றவர் ஜான் கார்லோஸ். இருவரும் கலிபோர்னியாவில் சான் ஹோசே அரசுக் கல்லூரியில் பயின்றவர்கள். அங்கே பட் வின்டர் என்றொரு பயிற்றுநர் இருந்தார். முழு வேகத்தில் ஓடும்போது தாடையும் கைவிரல்களும் தளர்ந்திருக்கவேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறவன் தன்னையே பிடித்து நிறுத்துகிறான் என்பது அவருடைய போதனையின் சாரம். பதக்க மேடையில் இருவரும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தி, தங்கள் இனத்தார் படும் அவமானத்தை உலகுக்குக் காட்டினார்கள்; அதற்காகக் குழுவிலிருந்து நீக்கப்பட்டு ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த எதிர்ப்பு இயக்கத்துக்கு வித்திட்ட ஹாரி எட்வர்ட்ஸ் அதே கல்லூரியில் சமூகவியல் கற்பித்தவர். ஆக, கால்களுக்கு ஒரு குருவும், சிந்தனைக்கு ஒரு குருவும் ஒரே வளாகத்தில் கிடைத்தார்கள். 2005-இல் அந்தச் சர்வகலாசாலை தன் வளாகத்திலேயே இருவருக்கும் சிலை நாட்டிற்று. வெள்ளி வென்று, அவர்களோடு அனுதாபமாக நின்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மனின் இடத்தை மட்டும், வருகிறவர்கள் ஏறி நிற்கட்டும் என்று அவரே விரும்பியபடி, காலியாக விட்டிருக்கிறார்கள். 37 ஆண்டு தாமதமான மரியாதை என்றாலும், மரியாதைதான்.

மூன்றாமவர் டிக் ஃபாஸ்பரி. ஓரிகன் மாநிலத்தில் கட்டடப் பொறியியல் படித்த மாணவர். எல்லாரும் வயிறு கீழ்நோக்க உயரக் கம்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்த நாளில், இவர் முதுகைக் கீழே காட்டி, மல்லாந்து தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வாங்கினார். முதலில் சிரித்த உலகம், பிறகு முழுவதுமாக அவரைப் பின்பற்றியது. அவரோ அதிக காலம் தாண்டிக்கொண்டிருக்கவில்லை. பொறியியலுக்கே திரும்பி, ஐடஹோ மாநிலத்தில் தம் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயரந்தாண்டுதல் என்றதும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்தச் சபையில் சிலர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். உங்கள் எண்ணம் சரியே. நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைத்தான் சொல்லப்போகிறேன். 1934-இல் பெரியவிளானில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்து, பதினெட்டு வயது நிரம்புமுன்பே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும், மறுபடி 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கிலும் இலங்கைக்காகத் தாண்டியவர். அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தாண்டுபவன் விழுவதற்கு மெத்தை ஏது? மணல்தான். இன்றைக்குப் போல மல்லாந்து விழுந்தால் கழுத்து முறிந்துபோகும். ஆகையால் தாண்டுவதில் பாதி, எப்படி விழுவது என்ற கவலை. அந்த மணலில் தேர்ந்தவருக்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. 1958-இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஆசிய விளையாட்டுகளில் இலங்கை பெற்ற முதல் தங்கம் ஒரு யாழ்ப்பாணத் தமிழ் மாணவர் பெற்றுத் தந்தது. 1962-இல் ஜகார்த்தாவில் வெள்ளி. பிறகு கார்னல் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்று, ஆப்பிரிக்கா முதலிய தேசங்களில் கல்வித் துறையில் உழைத்து, முதிர்ந்த பருவத்தில் இலங்கையின் வடக்கு, கிழக்குப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் விளையாட்டுக்காகவும் பாடுபட்டு, 2024-இல் தமது 89-ஆம் வயதில் காலமானார்.

அவர் சென்று சேர்ந்த அந்தக் களத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அங்கே எல்வின் டிரேக் என்றொரு பயிற்றுநர். எல்லாரும் 'டக்கி' டிரேக் என்று அழைப்பார்கள். அவரும் அதே சர்வகலாசாலையில் படித்து ஓடியவர். அந்த ஆண்டுகளிலேயே அவரிடம் ரேஃபர் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர் பயின்றார். சிறிது பின்னால் தைவான் தீவின் ஆதிவாசிக் குடியைச் சேர்ந்த யாங் சுவான் குவாங் வந்து சேர்ந்தார். பத்து வகைப் போட்டிகளை இரண்டு நாளில் முடிக்கும் டெகாத்லான் இருவருக்கும் உரிய பந்தயம். 1960-இல் ரோமாபுரியில் ஒரே குருவின் இரண்டு சிஷ்யர்கள் தங்கத்துக்காக மோதினார்கள். ஒன்பது போட்டிகள் முடிந்தன. மிச்சம் 1,500 மீட்டர் ஓட்டம் ஒன்றே. ஜான்சன் முன்னணியில் இருந்தார். ஆனால் நீண்ட ஓட்டத்தில் யாங் வல்லவர். ஏறக்குறைய பத்து விநாடி வித்தியாசத்தில் யாங் முந்தினால் தங்கம் அவருக்கு. இருவரும் ஆலோசனை கேட்டு ஒரே டிரேக்கிடம் வந்தார்கள். யாங்கிடம், வேகத்தைக் கூட்டி இடைவெளியை உண்டாக்கு என்றார். ஜான்சனிடம், யாங்கை விட்டு விலகாதே, ஒட்டிக்கொண்டே ஓடு என்றார். துரோணாச்சாரியார் நிலையில் இருந்துகொண்டு ஒருவனுக்காக மற்றவனுடைய கட்டைவிரலைக் கேட்காத குரு! யாங் முன்னே வந்தார். ஆனால் ஜான்சன் ஒன்றரை விநாடிக்குள்ளாகவே பின்னால் வந்துசேர்ந்தார். 8,392 புள்ளிகள் ஒருவருக்கு, 8,334 மற்றவருக்கு. இருவரும் சோர்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். பெரியவிளானிலிருந்து போன பிள்ளைக்கு இப்படிப்பட்ட சூழல் வாய்த்தது. நல்ல சர்வகலாசாலை விளையாட்டுக்காரனுக்குத் தருகின்ற பெருங்கொடை, அவனைவிடச் சிறந்தவன் தினமும் அவன் பக்கத்தில் நின்று ஓடுவதுதான் என்று நான் கருதுகிறேன். அது பணத்தால் ஆகின்ற காரியமன்று.

இன்னொரு பரம்பரை உண்டு. அது நம் தமிழகத்தோடு நேராகப் பிணைந்தது. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் கூரைக்குள் அடைபட்டுச் சலித்த மாணவர்களுக்காகப் பழக்கூடைகளை உயரத்தில் ஆணியடித்து மாட்டி, 13 விதிகளை எழுதி ஒட்டினார். கூடைப்பந்து பிறந்தது. பிறகு வைத்தியப் பட்டமும் பெற்று, கான்சஸ் சர்வகலாசாலைக்குச் சென்றார். வேடிக்கை என்னவென்றால், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அவரே, அந்தச் சர்வகலாசாலையின் கூடைப்பந்துப் பயிற்றுநர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் கண்ட ஒரே ஒருவர். ஜயிப்பதைவிடத் தேகம் நன்றாயிருப்பதே அவருக்குப் பெரிது. அவரிடம் பயின்ற ஃபாக் ஆலன் பயிற்றுவிப்பதையே ஒரு சாஸ்திரமாக்கினார். ஆலனிடம் கான்சஸில் பயின்ற டீன் ஸ்மித் வட கரோலினாவில் பயிற்றுநரானார். அந்த ஸ்மித்திடம் பயின்றவர், நம் வீட்டுப் பிள்ளைகள் சட்டையில் படமாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்களே, அந்த மைக்கேல் ஜோர்டன். நான்கு தலைமுறை!

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் கற்ற ஹாரி க்ரோ பக் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அந்த மாதிரிக் கல்லூரிகளில் அதுவே முதலாவது என்பார்கள். நந்தனத்தில் விரிந்து கிடக்கிற அந்தத் திடலிலிருந்து புறப்பட்ட உபாத்தியாயர்கள், தமிழகத்துப் பள்ளிக்கூடங்களில் விசிலோடு நின்ற பி.டி. மாஸ்டர்கள், எத்தனை பேர் என்று கணக்கிட யாரால் முடியும்? 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியக் குழுவை நடத்திச் சென்றவரும் இந்த பக் துரைதான். அந்தக் குழுவில் தடை ஓட்டம் ஓடிய ஒருவரை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். அன்றைய சென்னை மாகாணத்துக் கண்ணூரைச் சேர்ந்த சி. கே. லட்சுமணன். வைத்தியர். பின்னாளில் இந்திய அரசாங்கத்தின் சுகாதாரச் சேவைத் தலைமை இயக்குநராக அமர்ந்தார். ஜெகதீசனுடைய வாழ்க்கையின் முன்மாதிரி 40 ஆண்டுகளுக்கு முன்னாலேயே வங்காள விரிகுடாவின் மறுகரையில் எழுதப்பட்டுவிட்டது. இருவரும் ஓடினார்கள், இருவரும் டாக்டர்கள், இருவரும் தனி நோயாளியிடம் நாடி பிடிப்பதோடு நில்லாமல் ஒரு தேசத்தின் சுகாதாரத்தைக் கவனிக்கும் பதவிக்கு உயர்ந்தார்கள்.

ஆங்கிலேயர் இதையே வேறு தினுசில் செய்தார்கள். 1954 மே 6-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைலை 3 நிமிஷம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிஷ எல்லையை உடைத்த ரோஜர் பேனிஸ்டர் அன்று லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியம் பயின்றுகொண்டிருந்தார். அந்தச் சாதனை 46 நாளில் பறிபோயிற்று. அவருக்கு அதனால் நஷ்டமில்லை. அந்த ஆண்டிலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டு நரம்பு வைத்திய நிபுணரானார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலேயே ஒரு கல்லூரிக்குத் தலைவரானார். அமெரிக்க முறையில் சர்வகலாசாலையே பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுத்து, ஓடுகிறவனுக்கு உபகாரச் சம்பளமும் கொடுத்து, அதற்குப் பதிலாகத் தன் பெயருக்கு ஓடச் சொல்கிறது. ஆங்கில முறையில் ஓட்டம் கனவானின் பொழுதுபோக்கு. நம் மலாயாவிலோ இரண்டுமில்லை. படிப்பு சர்வகலாசாலையின் பொறுப்பு. ஓட்டம் உன் பொறுப்பு. ஜெகதீசனும் அவர் காலத்தவரும் சாதித்ததை நான் ஒரு படி கூடுதலாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

நம் தீவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். சட்டம் படிக்கவென்று இங்கிலாந்துக்குச் சென்ற பினாங்குப் பிள்ளை எடி சூங், 1953, 1954, 1956, 1957 ஆகிய நான்கு ஆண்டுகளில் அகில இங்கிலாந்துப் பூப்பந்துப் பட்டத்தை வென்றார். சட்டத்தை விட்டுவிட்டு இறகுப்பந்தைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு, நான் சிரிக்கமாட்டேன். பல்கலைக்கழகம் போகிறேன் என்று புறப்பட்ட பயணமே அவரை அந்தப் பூப்பந்துக் களத்துக்குக் கொண்டு சேர்த்தது. அதே சமயம், இந்த ஊர்ப் பெண் நிக்கோல் டேவிட், ஸ்குவாஷ் விளையாட்டில் எட்டு முறை உலகப் பட்டம் வென்றபோது எந்தச் சர்வகலாசாலையின் பெயரையும் சுமந்துகொண்டிருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் தம் குருவின் நிழலில் பயின்றார். ஆகவே பட்டம் இல்லாமல் பெரிய விளையாட்டுக்காரராக ஆக முடியாது என்று யாராவது இந்தச் சொற்பொழிவிலிருந்து தெரிந்துகொண்டு போனால், அது என் கருத்துக்கு விரோதம். நிக்கோல் போன்றவர் ஆயிரத்தில் ஒருவர். மீதி 999 பேருக்கு முப்பது வயதில் கால் தளர்கிறது. அந்த வயதில் கையில் என்ன இருக்கிறது என்பதே என் கவலை.

1969-இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு தொடங்கி, பிற்பாடு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான கலாசாலை நமக்குப் பக்கத்திலேயே, பழைய மிண்டன் ராணுவ முகாமில் இருக்கிறது. அங்கே விசாலமான திடல்கள் இருக்கின்றன. நம் சமூகப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் அந்த வாசலைத் தாண்டிப் போகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மாலையில் நூல்நிலையத்திலிருந்து திடலுக்கு இறங்குகிறார்கள் என்று போய்ப் பார்த்தால் மனம் நிறையாது. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பதினேழு வயது வரையில் "புத்தகத்தை வைத்துவிட்டு எங்கே போகிறாய்?" என்று கேட்டே வளர்த்துவிட்டு, பதினெட்டில் திடலுக்குப் போகச் சொன்னால் கால் வழி மறந்துபோயிருக்கும்.

ஆகையால் என் வேண்டுகோள் சர்வகலாசாலைக்கு அல்ல, இந்த மன்றத்துக்கே. ஆண்டுதோறும் இந்த மேடையில், எஸ்.பி.எம். தேர்விலும் எஸ்.டி.பி.எம். தேர்விலும் சிறந்து தேறிய பிள்ளைகளுக்கு மாலையும் பரிசும் கொடுக்கிறோம்; புகைப்படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறோம். அந்த வரிசையிலே, மாநில அளவில் ஓடிக்கொண்டோ, தாண்டிக்கொண்டோ, ஹாக்கி மட்டையைச் சுழற்றிக்கொண்டோ தேர்விலும் தேறிய பிள்ளை ஒருவனுக்கும் ஒருத்திக்கும் இடம் ஒதுக்கவேண்டும். பெரிய தொகை வேண்டாம். ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் விலையும், ஓர் ஆண்டுக்கு அந்தப் பிள்ளை பயிற்சிக்குப் போய்வரும் பஸ் கட்டணமும் போதும். அந்தப் பிள்ளையைத் திடலில் நிறுத்திய பி.டி. ஆசிரியரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்கவேண்டும். இன்றுவரை அவர்களில் ஒருவரையும் நாம் அழைத்ததில்லை. இதை எழுத்திலேயே செயலாளர் கையில் கொடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுவில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தலைவர் அவர்களும் இந்தச் சபைமுன் தலையசைத்திருக்கிறார்கள்.